தேய வேண்டியதும் நிலைக்க வேண்டியதும்: பழைய தோட்ட டிராக்டர்களைப் பேணும் கலை

தோட்ட டிராக்டர் என்னும் பெயர் அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட வகை இயந்திரத்துக்கு உரியது. வயலில் ஓடும் டிராக்டரைச் சுருக்கி வைத்தது போலத் தோன்றும் இந்த வண்டி, வீட்டைச் சுற்றி ஓரிரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்பவர் புல் வெட்டவும், காய்கறிப் பாத்தி உழவும், குளிர்காலத்தில் வாசலில் குவியும் பனியை அகற்றவும் ஒரே இயந்திரம் போதும் என்ற எண்ணத்தில் உருவானது. புல் வெட்டுவதற்கு மட்டுமேயான சிறு வண்டிகள் இதே தோற்றத்தில் இன்றும் விற்கப்படுகின்றன. ஆயினும் மண்ணுக்குள் இறங்கும் கலப்பையின் இழுவையைத் தாங்கும் அளவுக்குச் சட்டமும் பின்னச்சும் கியர்ப்பெட்டியும் உறுதியாக அமைந்ததையே தோட்ட டிராக்டர் என்று விவரம் அறிந்தோர் ஏற்பர். அவற்றுள்ளும் 1950களிலிருந்து 1970கள் வரை செய்யப்பட்டவை அரை நூற்றாண்டைக் கடந்த பின்னரும் வேலை செய்கின்றன. அவற்றைத் தேடி வாங்கி, பிரித்து, பழுது பார்த்து, மீண்டும் நிலத்தில் இறக்குவோர் அந்நாட்டில் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றனர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, நகரங்களின் ஓரத்தில் தனித்தனி மனைகளாகப் புதிய குடியிருப்புகள் பெருகிய காலத்தில் இத்தொழில் வேகம் பெற்றது. அதற்கு முன்பே மேற்கு வர்ஜீனியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் கிரேவ்லி என்ற புகைப்படக் கலைஞர், பின்னால் நடந்தபடி ஓட்டும் மோட்டார் கலப்பை ஒன்றுக்கு 1916இல் காப்புரிமை பெற்றிருந்தார். 1946இல் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் எல்மர் பாண்டும் அவர் மகன் செசில் பாண்டும் தொடங்கிய தொழில் பின்னர் வீல் ஹார்ஸ் என்ற பெயரில் புகழ் பெற்றது. வயல் டிராக்டர்களில் பெரும்பெயர் ஈட்டிய இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம், தன் ஃபார்மால் கப் என்னும் சிறு டிராக்டரின் பின்னச்சு உறுப்புகளைத் தழுவி, ஏழு குதிரைத்திறன் கொண்ட கப் கேடட் வண்டியை 1961ஆம் ஆண்டுக்கு வெளியிட்டது. ஜான் டீயர் நிறுவனத்தின் 110 என்ற வண்டி 1963இல் விஸ்கான்சின் மாநிலத்து ஹொரிக்கான் ஊரிலிருந்து வந்தது. சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ் ஆகிய இரண்டும் அதே மாநிலத்தின் போர்ட் வாஷிங்டனில் இயங்கின. இவ்வண்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கு என்ஜின் தந்த கோலர், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனங்களும் அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. ஒரு மாநிலத்தின் கிழக்குப் பகுதியே ஒரு நாட்டின் தோட்டங்களுக்கு இயந்திரம் வார்த்துக் கொடுத்தது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இந்த வண்டிகள் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு வார்ப்பிரும்பின் கனம் மட்டுமே காரணம் அன்று. எந்த உறுப்பு தேய வேண்டும், எந்த உறுப்பு என்றும் இருக்க வேண்டும் என்பதை அவற்றை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தனர். தேயும் உறுப்பை மலிவாகவும், கழற்ற எளிதாகவும், மென்மையான உலோகத்திலும் செய்து, அதன் பின்னால் விலையுயர்ந்த உறுப்பைப் பாதுகாப்பாக வைத்தனர். ஆகவே பழுது பார்ப்பவரின் திறமை என்பது ஸ்பேனரைக் கையாளும் வலிமையைவிட, இந்த இரண்டு வகை உறுப்புகளையும் இனங்காணும் அறிவிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது. தேய வேண்டியதைத் தேயவிடாமல் தடுப்பவர், நிலைக்க வேண்டியதை உடைத்துவிடுகிறார்.

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த வண்டி ஒன்று கைக்கு வந்தவுடன் பாட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்ய முனைவதே மிகப் பரவலான தவறு. சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருந்தால், ஒரே சுழற்சியில் பிஸ்டன் வளையங்கள் அத்துருவைச் சுரண்டிச் சுவரில் ஆழமான கோடுகளை இழுத்துவிடும். எனவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு, கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்ப்பதே முறை. சுழல மறுத்தால் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கான மெல்லிய எண்ணெயையோ டீசலையோ சிலிண்டரில் நிரப்பி நாட்கணக்கில், தேவையானால் வாரக்கணக்கில் ஊறவிட்டு, சுழல்சக்கரத்தை முன்னும் பின்னும் மிகச் சிறிதளவே அசைத்து வர வேண்டும். சம்மட்டியால் அடித்து விடுவித்த பிஸ்டனைவிடப் பொறுமையால் விடுவித்த பிஸ்டன் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும்.

என்ஜின்களுள் கோலர் நிறுவனத்தின் கே வரிசை தனி இடம் பெறுகிறது. கப் கேடட், ஜான் டீயர், வீல் ஹார்ஸ் என்று போட்டியாளர்கள் அனைவரும் ஒருசேர நம்பிய இந்த வரிசையின் பெயரிடும் முறையே ஒரு குறிப்பேடு போல அமைந்துள்ளது: கே 241 என்றால் சுமார் 24 கன அங்குலக் கொள்ளளவு, சிலிண்டர் ஒன்று, கே 301 என்றால் சுமார் 30 கன அங்குலம், சிலிண்டர் ஒன்று. முன்னது பத்துக் குதிரைத்திறனும் பின்னது பன்னிரண்டும் தரும். இவை பக்கவால்வு என்ஜின்கள். அதாவது வால்வுகள் பிஸ்டனுக்கு மேலே தொங்காமல், சிலிண்டரின் பக்கத்தில், அதே வார்ப்பிரும்புக் கட்டைக்குள் நிற்கின்றன. அதனால் சிலிண்டரின் மேல்மூடி ஒரு தட்டையான தகடாக மட்டுமே இருக்கிறது. அதைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது ஒரு மாலைப்பொழுதின் வேலைதான். மூடி நெளிந்திருந்தால், தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து, அதன்மேல் மூடியைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை நிறுவனக் கையேடு சொல்லும் வரிசையில், சொல்லும் அளவுக்கு, பல சுற்றுகளாக இறுக்குவது கட்டாயம்.

தேயும் உறுப்பு, நிலைக்கும் உறுப்பு என்ற தத்துவத்தை இந்த என்ஜினின் உள்ளே தெளிவாகக் காணலாம். பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு அலுமினியத்தால் ஆனது. இடையில் தனிப் பேரிங் எதுவும் இன்றி அது கிராங்க் தண்டின் மேல் நேராக உராய்கிறது. தண்டு தேய்ந்தால் அதைச் சாணை பிடித்து ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு குறைத்து, அந்த அளவுக்கென்றே செய்யப்பட்ட ராடை மாட்டலாம். சிலிண்டர் தேய்ந்தால் போரிங் செய்து, அடுத்த பெரிய அளவுப் பிஸ்டனைப் பூட்டலாம். ஒரே வார்ப்புக் கட்டை இவ்வாறு மூன்று முறை வரை புத்துயிர் பெறும். ஆனால் இந்த ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற நீட்சிதான் எண்ணெயை வாரியிறைத்து உள்ளுறுப்புகள் அனைத்தையும் நனைக்கிறது. எண்ணெய்ப் பம்பு கிடையாது. எண்ணெய் குறைந்தாலோ, செங்குத்தான சரிவில் நெடுநேரம் ஓட்டினாலோ கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. ராடு சூடேறி உடைந்து கட்டையையே துளைத்துக்கொண்டு வெளியேறும். ஆகவே ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்னும் எண்ணெய் அளவைப் பார்ப்பதும், நிறுவனக் கையேடு வலியுறுத்தியபடி 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதும் இந்த வண்டிகளைப் பொறுத்தவரை உயிர்நிலையான கடமைகள் ஆகும்.

இதே வரிசையின் பெரிய என்ஜின்களில், அதிர்வைக் குறைப்பதற்காகப் பிற்காலத்தில் சமநிலைக் கியர்கள் என்று இரண்டு சேர்க்கப்பட்டன. அதிர்வு குறைந்தது உண்மையே. ஆனால் அவற்றின் பேரிங்குகள் தேய்ந்து ஒரு கியர் கழன்றால் கட்டையின் சுவர் உடைந்துவிடும். என்ஜினைத் திறக்க நேர்ந்த போதெல்லாம் அந்தக் கியர்களை எடுத்து அப்புறப்படுத்திவிடுவது மீட்பாளர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த வழக்கமாகிவிட்டது. சிறிது கூடுதல் அதிர்வை ஏற்றுக்கொண்டு கட்டையைக் காப்பது சரியான கணக்கே.

அழுத்தச் சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தை அளவியால் சோதித்து, அளவு குறைவாக உள்ளது கண்டு என்ஜின் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவோர் பலர். கே வரிசையின் பெரும்பாலான என்ஜின்களில், ஸ்டார்ட் செய்யும்போது மோட்டாரின் பளுவைக் குறைப்பதற்காக, வெளியேற்று வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு ஒன்று கேம் தண்டில் உண்டு. வேகம் கூடியதும் அது தானே விலகிவிடும். எனவே மெதுவாகச் சுழற்றி எடுக்கும் அழுத்த அளவு எதையும் நிரூபிக்காது. சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, அது எவ்வளவு, எந்த வழியாகக் கசிகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையே நம்பத்தக்கது. கார்புரேட்டர் பக்கம் சீறினால் உள்ளிழு வால்வு, சைலன்சர் பக்கம் சீறினால் வெளியேற்று வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையங்கள் என்று காதாலேயே நோயை அறியலாம்.

தீப்பொறி அமைப்பு அக்காலத்துக் கார்களின் அமைப்பை ஒத்ததே. கேம் தண்டு தள்ளும் சிறு தண்டு ஒன்று, பாயின்ட் எனப்படும் இரு தொடுமுனைகளைப் பிரிக்கிறது. பிரியும் அக்கணத்தில் காயிலில் உயர் மின்னழுத்தம் எழுந்து பிளக்கில் பொறி தெறிக்கிறது. கோலர் என்ஜினில் இந்தப் பாயின்ட் வெளியே, ஒரு சிறு மூடிக்கு அடியில் இருப்பதால் இடைவெளியைச் சரிசெய்வது மிக எளிது. இடைவெளி 0.020 அங்குலம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். இதைவிட நுட்பமாகச் செய்ய விரும்புவோர், சுழல்சக்கரத்தில் பொறித்துள்ள 'எஸ்' என்ற குறி பார்வைத் துளையில் தெரியும் நிலையில் பாயின்ட் சரியாகப் பிரியத் தொடங்குமாறு அமைப்பர். நெடுநாள் கிடந்த வண்டியின் பாயின்ட் முனைகளில் படிந்த மெல்லிய ஆக்சைடு படலமே பல நேரங்களில் பொறி வராததற்கு முழுக் காரணம்; ஒரு சுத்தமான தாளை நடுவே செருகி இழுத்தால் போதும், காயிலையும் கண்டன்சரையும் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. பிரிக்ஸ் என்ஜின்கள் பலவற்றில் பாயின்ட் சுழல்சக்கரத்துக்கு அடியில் இருப்பதால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். அங்கே சக்கரத்தைத் தண்டோடு பொருத்தும் சிறு அலுமினியச் சாவி ஒன்று இருக்கிறது. புல்வெட்டும் கத்தி கல்லில் மோதி என்ஜின் திடீரென நிற்கும்போது இந்தச் சாவி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கிய பின் பொறி தவறான நேரத்தில் எழுவதால் என்ஜின் இயங்காது. அதனிடத்தில் எஃகுச் சாவியைச் செருகுபவர், அடுத்த மோதலில் கிராங்க் தண்டையே பணயம் வைக்கிறார்.

1960களின் வண்டிகள் பலவற்றில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பாட்டரிக்கு மின்னூட்டும் ஜெனரேட்டரும் ஒரே உருளைக்குள் அடங்கியிருக்கும். ஒரே பெல்ட்டால் அது முதலில் என்ஜினைச் சுழற்றும், பின்னர் என்ஜினால் சுழலும். இந்த அமைப்பில் ரெகுலேட்டரையோ ஜெனரேட்டரையோ மாற்றிய பிறகு, ஓட்டுவதற்கு முன், ரெகுலேட்டரின் பாட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு கம்பியால் கண நேரம் தொட்டு எடுக்க வேண்டும். ஜெனரேட்டரின் காந்தப்புலம் சரியான திசையில் அமைய இச்செயல் தேவை. இதை அறியாமல் நல்ல ரெகுலேட்டரைக் கருக்கியவர்கள் உண்டு. மின்சுற்றில் தோன்றும் மற்றக் குறைகளுள் பெரும்பகுதி பெயின்ட்டும் துருவும் மறைத்த நிலத்தொடுப்பு முனைகளிலேயே இருக்கிறது.

எரிபொருளைப் பொறுத்தவரை, இந்த என்ஜின்கள் வடிவமைக்கப்பட்ட காலத்தின் பெட்ரோல் வேறு, இன்றைய பெட்ரோல் வேறு. இன்று அமெரிக்காவில் பரவலாக விற்கப்படும் பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர்க் குழாய்களை உப்பவைத்துச் சிதைக்கும், தேங்கிக் கிடந்தால் கார்புரேட்டரின் நுண்துளைகளைப் பிசினால் அடைக்கும். குழாய்களைப் புதிய வகை ரப்பருக்கு மாற்றுவதும், பருவம் முடிந்ததும் தொட்டியையும் கார்புரேட்டரையும் காலியாக்கி வைப்பதும் எளிய தீர்வுகள். கார்புரேட்டரைத் திறந்து கழுவிய பின்னரும் என்ஜின் ஏறியிறங்கி ஓடினால், அடைப்பைத் தேடுவதை நிறுத்திவிட்டு, த்ராட்டில் தண்டு தன் துளையில் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த துளை வழியே நுழையும் காற்று கலவையைக் கெடுத்துவிடும். துளையை அகலப்படுத்திப் பித்தளைப் புஷ் ஒன்றைப் பொருத்துவது லேத் வைத்திருப்பவருக்குச் சிறு வேலை.

காற்றால் குளிரும் என்ஜின்களுக்கு எலி ஒரு கொடிய பகைவன் என்பதை அனுபவம் இல்லாதவர் எளிதில் நம்பமாட்டார். குளிர்காலத்தில் நிற்கும் வண்டியின் சுழல்சக்கர உறைக்குள் எலிகள் கூடு கட்டுகின்றன. வெளியே பளபளக்கும் வண்டியின் சிலிண்டர் செதில்களுக்கு நடுவே பஞ்சும் வைக்கோலும் அடைத்துக்கொண்டு காற்றோட்டத்தை முற்றிலும் மறித்துவிடுகின்றன. உறையைக் கழற்றிச் செதில்களைச் சுத்தம் செய்யாமல், புதிதாக வாங்கிய பழைய வண்டி எதையும் பளுவில் ஓட்டக்கூடாது.

கியர்ப்பெட்டிகள் வியக்கத்தக்க உறுதி வாய்ந்தவை. கியரையும் டிஃபரன்ஷியலையும் பின்னச்சையும் ஒரே வார்ப்பு உறைக்குள் அடக்கிய அமைப்பு பல நிறுவனங்களில் வழங்கியது. இவற்றின் முதன்மைப் பகை தண்ணீர். வீல் ஹார்ஸ் வண்டிகளில், கியர்க் கம்பியின் அடியிலுள்ள ரப்பர் மூடி கிழிந்தால் மழைநீர் உள்ளே இறங்கி எண்ணெய்க்கு அடியில் தங்கும். பனிக்காலத்தில் அது உறைந்து கியர்களைப் பிணித்துவிடும். வடித்தெடுத்த எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறியலாம். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி வடித்து, இரண்டொரு முறை அலசிய பின் புதிய கியர் ஆயில் நிரப்பினால் பெரும்பாலும் பெட்டி பிழைத்துக்கொள்ளும். கப் கேடட் வண்டிகளில் 1963 முதல் பெல்ட்டுக்குப் பதிலாக என்ஜினையும் கியர்ப்பெட்டியையும் ஒரு நீண்ட தண்டே இணைத்தது; அத்தண்டின் இணைப்புகளில் உள்ள சுருள் ஊசிகள் அறுந்து போவதும், துளைகள் நீள்வட்டமாகத் தேய்வதும் அவ்வண்டிகளுக்கே உரிய நோய்கள்.

1960களின் நடுவில் ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கம் தோட்ட டிராக்டருக்கு வந்தது. இதில் கியர் மாற்றம் கிடையாது. என்ஜின் ஓர் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுகிறது. பம்பிலுள்ள சாய்தட்டு எவ்வளவு சாய்க்கப்படுகிறதோ அவ்வளவு எண்ணெய் ஒரு மோட்டாருக்குப் பாய்ந்து சக்கரத்தை ஓட்டுகிறது. தட்டை மறுபக்கம் சாய்த்தால் வண்டி பின்னால் நகர்கிறது. முடிமயிரளவு இடைவெளியில் ஓடும் உறுப்புகள் உள்ளே இருப்பதால், எண்ணெயின் தூய்மையும் வகையும் இங்கே மிக முக்கியம். கப் கேடட் வண்டிக்கு ஹை-டிரான் என்னும் தனி எண்ணெயை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வகுத்திருந்தது. இத்தகைய வண்டியை, எண்ணெய்ப் பாதையைத் திறந்துவிடும் வால்வுகளை விடுவிக்காமல் இழுத்துச் செல்வது அதை அழிப்பதற்குச் சமம். வண்டி தானே மெல்ல நகர்கிறது, கம்பி ஆடுகிறது என்ற குறைகளுக்குப் பம்பைப் பிரிப்பதற்கு முன், வெளியே உள்ள கட்டுப்பாட்டு இணைப்புகளின் தேய்மானத்தைச் சரிசெய்வதே முறை.

வி வடிவப் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது தன் அடிப்பரப்பால் அல்ல, இரு பக்கச் சரிவுகளால் கப்பியைக் கவ்விப் பிடிக்கிறது. தேய்ந்து மெலிந்து கப்பியின் அடியைத் தொட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். கார்களுக்கான பெல்ட் அளவில் பொருந்தினாலும், பின்புறமாக வளைந்து ஓடுவதற்கும் கிளட்ச் போல நழுவிப் பிடிப்பதற்கும் அது ஏற்றதன்று.

துருவும் பெயின்ட்டும் குறித்து மீட்பாளர்களிடையே இரு கட்சிகள் உண்டு. ஒரு சாரார் வண்டியைக் கடைசி நட்டு வரை பிரித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைவிடப் பளபளப்பாக்குகின்றனர். மறு சாரார் தேய்ந்த பழைய பெயின்ட்டை அப்படியே காத்து, ஓட்டத்தை மட்டும் சீராக்குகின்றனர். ஜான் டீயர் 1969 முதல் சில ஆண்டுகள் வெள்ளை உடலில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என நால்வகை மூடியும் இருக்கையும் அமைத்து விற்ற 'பேஷியோ' வண்டிகளில் ஒன்று பழைய பெயின்ட்டோடு கிடைக்குமானால், அதைச் சுரண்டிப் பூசுவது ஓர் ஆவணத்தை அழிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்து வலுவானது. எப்படியாயினும் பழைய பெயின்ட்டில் ஈயமும், பழைய கிளட்ச், பிரேக் பட்டைகளிலும் கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த தூளைக் காற்றால் ஊதுவதும் முகமூடியின்றித் தேய்ப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

சிறு உறுப்புகளின் துருவை நீக்க மின்பகுப்பு முறை பரவலாகக் கையாளப்படுகிறது. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த உறுப்பைப் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையோடும், உதவாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையோடும் இணைத்து மூழ்கவைத்தால், துரு தளர்ந்து உதிர்கிறது. நல்ல இரும்பு குறைவதில்லை. நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினால் நச்சான குரோமியச் சேர்மங்கள் நீரில் சேரும் என்பதால் அது கூடாது. ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் திறந்த வெளியில், தீயின்றிச் செய்ய வேண்டும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை நீரில் கரைத்து அதில் வாரக்கணக்கில் ஊறவைக்கும் முறையும் உண்டு. அது மெதுவானது, ஆனால் மலிவானது.

இணைப்புக் கருவிகள் இல்லாத தோட்ட டிராக்டர் பாதி இயந்திரமே. சந்தையிலும் இது தெரிகிறது: வண்டி எளிதாகக் கிடைக்கும்போது, அதே மாடலுக்குரிய பனி ஊதியும் மண் கிளறியும் அரிதாகவே கிடைக்கின்றன. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் வண்டிக்குப் பொருந்துவதில்லை; ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல்களுக்கிடையே கூடப் பொருத்தும் கொக்கிகள் மாறியிருக்கும். ஆகவே கருவியோடு அதன் பெல்ட் காப்பு, இழுப்புக் கம்பி, கொக்கி ஊசி ஆகியவற்றையும் விட்டுவிடாமல் கேட்டு வாங்குவது அறிவுடைமை. பின்னர் தேடினால் அவைதாம் கிடைக்காது.

புல்வெட்டும் தளம் எல்லாவற்றிலும் அதிகம் உழைத்து, எல்லாவற்றிலும் விரைவில் துருப்பிடிப்பது. நறுக்கிய ஈரப்புல் அதன் அடியில் அப்பிக்கொண்டு தகட்டை அரிக்கிறது. ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. கத்திகளைத் தாங்கும் சுழல்தண்டுகளின் பேரிங்குகள் உறுமத் தொடங்கினால் உடனே மாற்ற வேண்டும். கத்தியின் முனை வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தரவிதி. அதற்கு அருகே சுழலும் ஒரு கத்தி ஒருபக்கம் கனமாக இருந்தால் பேரிங்கையும் தளத்தையும் சேர்த்தே குலைக்கும். எனவே சாணை பிடித்த கத்தியை ஓர் ஆணியில் தொங்கவிட்டு, இரு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும். மண் கிளறியின் சுழல்தண்டில் சுற்றிக்கொள்ளும் கயிறும் நீண்ட புல்லும் ஆயில் சீலை அறுத்துவிடும் என்பதால், வேலை முடிந்த அன்றே அவற்றை வெட்டி எடுப்பது நல்லது.

பனி ஊதியில் ஷியர் பின் எனப்படும் மென்மையான ஊசி, சுழலும் திருகையும் அதன் தண்டையும் இணைக்கிறது. உறைந்த கல்லோ செய்தித்தாள் கட்டோ சிக்கிக்கொண்டால் ஊசி அறுந்து, கியர்ப்பெட்டி தப்புகிறது. அடிக்கடி அறுகிறதே என்று சலித்துக் கடினமான போல்ட்டு ஒன்றை அங்கே முடுக்கியவர்களின் கியர்ப்பெட்டிகள்தாம் உதிரிபாகக் கடைகளில் உடைந்து கிடக்கின்றன. புதிதாக வாங்கிய எந்தப் பனி ஊதியிலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்தத் துளைகளில் முந்தைய உரிமையாளர் எதைச் செருகியிருக்கிறார் என்பதே.

இந்த வண்டிகளைச் செய்த நிறுவனங்களுள் பல கைமாறின. கப் கேடட் 1981இல் எம்.டி.டி. நிறுவனத்துக்குச் சென்றது, வீல் ஹார்ஸை 1986இல் டோரோ வாங்கியது, டெகும்சே என்ஜின் தயாரிப்பு 2008இல் முடிவுக்கு வந்தது. ஆயினும் பேரிங், ஆயில் சீல், பெல்ட் ஆகியவை பொதுவான தொழில் அளவுகளில் அமைந்திருப்பதால், உறுப்பின் மீது பொறித்த எண்ணைக் கொண்டோ, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்றையும் அளந்தோ எந்தப் பேரிங் கடையிலும் வாங்கிவிடலாம். என்ஜின் உறுப்புகளை வாங்கும்போது மட்டும் உறையில் ஒட்டியுள்ள எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அறுபது ஆண்டுகளில் உறை ஓர் என்ஜினிலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருக்கக்கூடும், அளந்து பார்ப்பதே உறுதி.

கருவிகளுள் கலப்பையே மீட்பாளர்களின் மனத்துக்கு மிக நெருக்கமானது. பெரும்பாலும் பத்து அல்லது பன்னிரண்டு அங்குல அகலமுள்ள ஒற்றைக் கொழுக் கலப்பை அது. மண்ணை வெட்டித் தன் வளைந்த பலகையில் ஏற்றிப் புரட்டிப் போடுகிறது. 1839இல் கென்டக்கியில் தொடங்கிய பிரின்லி நிறுவனத்தின் கலப்பைகள் பல பிராண்டு வண்டிகளுக்கும் பொருந்தும்படி வந்தன. அது சரியாக உழாவிட்டால் குறை பெரும்பாலும் கலப்பையில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. முதல் சால் உழும்போது இரு பக்கச் சக்கரங்களும் சமதரையில் இருக்கும். இரண்டாவது சாலிலிருந்து வலப்பக்கச் சக்கரங்கள் சாலுக்குள் இறங்கி வண்டியே சாய்ந்துவிடும். அந்தச் சாய்வுக்கு ஏற்பக் கலப்பையை மறுபக்கம் திருகி, அது தரைக்கு நேராக நிற்குமாறு அமைத்தால்தான் மண் ஒழுங்காகப் புரளும். ஆழம் அகலத்தில் பாதியளவு இருந்தால் போதுமானது. முன்னால் மண்ணைக் கீறிச் செல்லும் வட்டத்தகடு, கொழுமுனைக்குச் சற்று மேலே, உழாத பக்கமாக அரை அங்குலம் ஒதுங்கி நிற்க வேண்டும். பின்சக்கரங்கள் வழுக்கினால் வார்ப்பிரும்பு எடைகளைப் பூட்டுவது நல்லது. டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்பிய பழைய வழக்கம் எடையைக் கூட்டியது என்றாலும், ஒரு சிறு கசிவில் சக்கரத்தின் இரும்பையே தின்றுவிட்டது.

துருப்பிடித்த பலகையில் மண் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மண்ணின் மேல் மண் ஏறி, கலப்பை புரட்டுவதற்குப் பதிலாகத் தள்ளத் தொடங்கும். பலகையின் மேல் பூசிய அழகான பெயின்ட்டும் இதே இடையூறைத் தரும். சாணைத் தகட்டால் மேலோட்டமாகத் தேய்த்துப் பெயின்ட்டையும் துருவையும் நீக்கிவிட்டு, மணல் கலந்த நிலத்தில் சில சால் ஓட்டினால், மண்ணே அதைக் கண்ணாடிபோல மெருகேற்றிவிடும். உழவு முடிந்த அன்று மாலையே, அந்த மெருகின் மேல் ஈரம் படுவதற்கு முன், கனமாகக் கிரீஸ் தடவி, கொழுமுனை தரையில் படாதபடி ஒரு மரக்கட்டையின் மேல் கலப்பையைச் சாய்த்து வைக்க வேண்டும். அப்படி வைத்த கலப்பை அடுத்த வசந்தத்தின் முதல் சாலிலேயே மண்ணைத் தடையின்றிப் புரட்டிப் போடும்.